கூரை மூடும் முன்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடக்கும்போதெல்லாம் என் பார்வை தானாக மேலே போய்விடும். 1801இல் காதர் மொய்தீன் மரைக்காயர் முன்னின்று நிறுவிய பள்ளிவாசல் அது. இன்று நாம் காணும் தோற்றம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் வந்தது. அந்தக் குவிமாடத்தை எப்படி எழுப்பினார்கள், எந்தச் சாரத்தின்மீது ஏறி நின்றார்கள் என்று அருகில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “கட்டுனவரும் போயிட்டாரு, பார்த்தவரும் போயிட்டாரு. யார்கிட்ட போயிக் கேக்குறதும்மா?” என்று சிரித்தார்.

எனக்கு வேறொரு குவிமாடம் நினைவுக்கு வந்தது.

1990களின் தொடக்கம். தொடக்கப்பள்ளி மாணவியாக இருந்த நான், ஆண்டிறுதி விடுமுறையில் கோலாலம்பூரில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா கட்டுமானத் தளங்களில் இரும்பு பற்றவைக்கும் வேலை செய்தவர். ஏரிப் பூங்காவை ஒட்டிய மேட்டில் தேசியக் கோளரங்கம் எழுந்துகொண்டிருந்தது. வேலிக்கு மேலே சாரமும் இரும்புக் கம்பிகளும் மட்டுமே தெரிந்தன.

“இது பள்ளிவாசலா சித்தப்பா?”

“இல்லம்மா. வானத்தைக் கொண்டாந்து உள்ளே வைக்கப் போறாங்க.”

பிறகு தம் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்துக் காட்டினார். வெளியே ஒரு கூடு, உள்ளே ஒரு கூடு என்றார். கோளரங்கம் என்பதே அப்படிப்பட்ட கட்டடம்தான். வெளிக்கூடு வெயிலையும் மழையையும் தாங்கும். உட்கூடுதான் திரை. பொதுவாக அதை அலுமினியத் தகடுகளால் அமைப்பார்கள். தகடு முழுவதும் சின்னஞ்சிறு துளைகள் இருக்கும். ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னால் இருப்பதால், ஒலி அத்துளைகள் வழியாக வெளிவரும், எதிரொலியும் குறையும். இருட்டில் துளைகள் கண்ணுக்குத் தெரியா. ஆனால், தகடுகளின் விளிம்புகள் சரியாகப் பொருந்தாவிட்டால் வானத்தில் கோடு போட்டதுபோல் தெரிந்துவிடும். நட்சத்திரங்கள் நம்மை நம்பவைப்பது தகடு பொருத்தியவரின் கைத்திறனால்தான்.

1994 பிப்ரவரி 7ஆம் நாள் தேசியக் கோளரங்கம் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அதை உருவாக்குவதில் முன்னின்ற வானியற்பியலாளர் மஸ்லான் ஓத்மான் பின்னாளில் ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கே தலைமையேற்றார். சில ஆண்டுகள் கழித்துப் பள்ளிச் சுற்றுலாவில் நானும் போனேன். கையில் ஒரு பயிற்றித்தாள். திறந்துவைத்தவர் யார்? எந்த ஆண்டு? எத்தனை இருக்கைகள்? எல்லாவற்றையும் நிரப்பினேன். கூரை ஏன் அரைக்கோளமாக இருக்கிறது என்ற கேள்வி அத்தாளில் இல்லை. இன்று நானே பாடத்திட்டப் பணியில் இருப்பதால் அந்தத் தாளைப் பற்றி அதிகம் குறை சொல்ல எனக்குத் துணிவில்லை.

சித்தப்பா கடைசிவரை உள்ளே போய் நிகழ்ச்சி பார்க்கவில்லை. கேட்டால், “மூடுறதுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேனே” என்பார். எத்தனை பேர் வேலை செய்தார்கள், அந்த உயரத்தில் காற்று எப்படி வீசும் என்றெல்லாம் அவரிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றிய வயதில் அவர் இல்லை.

நாடா வெட்டிய பிறகுதான் மாணவர்களை ஒரு கட்டடத்துக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். அதற்குள் பாதிப் பாடம் சுவருக்குள் மறைந்துவிடுகிறது என்பது என் கருத்து. உலகின் முதல் நவீனக் கோளரங்கக் கருவியின் கதையைப் பாருங்கள். மியூனிக் நகர அருங்காட்சியகத்துக்காக 1920களில் ஜெர்மனியின் யேனா நகரில் அதை உருவாக்கினார்கள். சோதித்துப் பார்க்க ஓர் அரைக்கோளம் தேவைப்பட்டது. வால்ட்டர் பவர்ஸ்ஃபெல்டு என்ற பொறியாளர் தொழிற்சாலைக் கூரையின்மேல் மெல்லிய இரும்புக் கம்பிகளால் ஒரு வலைக்கூடு அமைத்தார். அதன்மேல் சில சென்டிமீட்டர் தடிப்புக்குக் கற்காரை பூசப்பட்டது. முட்டை ஓடுபோல மெல்லியதாக இருந்தும் 16 மீட்டர் விட்டமுள்ள அக்கூரை நின்றது! விண்மீன் காட்ட வந்த கருவி, கட்டடக் கலைக்கும் ஒரு புதிய வழியைத் திறந்துவிட்டது. கருவியை மட்டும் பார்க்கப் போனவருக்கு இது தெரிந்திருக்காது. 1965இல் கொழும்பில் பொறியாளர் குலசிங்க தாமரை வடிவில் கோளரங்கம் அமைத்தபோதும் அந்தக் கற்காரை இதழ்களைத் தூக்கி நிறுத்தியதே தனிக்கதையாக இருந்திருக்கும்.

கட்டுமானத் தளம் ஆபத்தானது என்பார்கள். உண்மைதான். நான் மாணவர்களை உள்ளே அனுப்பச் சொல்லவில்லை. தளத்தைச் சுற்றிய தகர வேலியில், கண் உயரத்தில் ஒரு சன்னல் வைத்தால் போதும். பாடவேளை இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்கலாம். சென்ற மாதப் படத்தோடு ஒப்பிடலாம். 10 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தின் உட்பரப்பு ஏறத்தாழ 628 சதுர மீட்டர் என்பது கணிதப் பாடத்தில் ஒரு விடை. அத்தனைக்கும் தகடு பொருத்துவதை நேரில் பார்த்தால் அந்த எண் மறக்காது. சாரம், உத்தரம், முட்டு, தூக்குக்குண்டு ஆகிய தமிழ்ச் சொற்களும் அங்கேதான் உயிரோடு இருக்கின்றன. எல்லாக் கட்டடமும் இதற்குத் தகுதியானதன்று. இன்னொரு பேரங்காடிக்காக நான் சன்னல் கேட்க மாட்டேன்.

கோளரங்கம் எழும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுன் 2008இல் உலகப் பாரம்பரியத் தளமானது முதல் பழைய கடைவீடுகளைச் சீரமைக்கும் வேலை எங்கேனும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சென்ற வாரம் இச்சாலையில் ஒரு கடைவீட்டுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். பள்ளிச் சீருடையில் இரண்டு மாணவர்கள் தகர வேலியின் இடுக்கில் கண் வைத்து நின்றார்கள். உள்ளேயிருந்த தொழிலாளி ஒருவர் பழைய கூரை ஓடு ஒன்றை உயர்த்திப் பிடித்து, அதன் வளைவை விரலால் தடவிக் காட்டினார். அவர்கள் ஏறவேண்டிய பேருந்து வந்து நின்றது. ஒருவன் திரும்பிப் பார்த்தான். “அடுத்த பஸ்ல போவோம்டா” என்றான் மற்றவன்.