ஆயாக் கொட்டகையில் மருந்துப் பொட்டலம் வேண்டும்

பிள்ளைக்கு வயிற்றாலே போகிறது என்று காலை பத்து மணிக்கு வெட்டுக் காட்டுக்கு ஆள் வருகிறது. தாய் என்ன செய்வாள்? இருட்டோடு வெட்டிய மரங்களில் பால் இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது. விட்டுவிட்டு ஓடினால் அன்றைய பாலும் போயிற்று, சம்பளமும் போயிற்று. “பால் எடுத்துவிட்டு வருகிறேன்” என்பாள். ஸ்டோரில் நிறுத்துவிட்டு அவள் லயத்துக்கு வந்து சேர மதியமாகிவிடும். இந்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வாந்திபேதி கிருமியால் வருகிறது. ஆனால் குழந்தையின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் உடம்பை விட்டுப் போகும் நீரும் உப்பும். 10 கிலோ எடையுள்ள பிள்ளை 1 கிலோ எடைக்கு நீரை இழந்தால் நிலைமை மிகக் கடுமை. அதற்கு ஒரு முழுநாள் கூட வேண்டியதில்லை.

நம்மவர் பலர் “தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்” என்று பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகின்றனர். உச்சிக்குழி உள்வாங்கிக் கண் குழி விழுந்தால் “தோஷம்” என்று மந்திரிக்கத் தூக்கிப் போகின்றனர். பாட்டிமார் கண்ட அடையாளம் சரியானதே. நீர் வற்றியதற்கு டாக்டர் பார்க்கும் அடையாளமும் அதுதான். பெயரில்தான் தகராறு. மந்திரிக்கிறவர் மந்திரிக்கட்டும், அதற்குள் பிள்ளையின் வாயில் நீர் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

எந்த நீர்? கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 250 மில்லிலிட்டருக்கு ஒரு பொட்டலம் உண்டு, 1 லிட்டருக்கும் உண்டு. எழுதியிருப்பதைப் படித்து அதே அளவு ஊற்றுங்கள். குறைத்து ஊற்றினால் உப்பு மிகுந்து கெடுதல் செய்யும். பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டர் நீருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலிட்டர், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கலர் தண்ணீரும் சீனி கொட்டிய தேநீரும் போக்கை அதிகமாக்கும். பெரியவர்கள் விழுங்கும் பேதி மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து.

மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியவில்லை, பிள்ளை துவண்டு குடிக்க மறுக்கிறது: இவற்றில் எது கண்டாலும் நேரே ஆஸ்பத்திரிதான். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இவற்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம் ஆயா செய்யலாமா, படித்தவர்தாமே செய்ய வேண்டும் என்று ஆபீசில் கேட்பார்கள். 1971இல் வங்கப் போரில் தப்பி வந்த அகதிகள் போங்காவ் முகாமில் காலராவால் மடிந்தனர். நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா மாவு கலந்த பொட்டலங்களைச் செய்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கரைசலைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது போல இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. முகாமில் சேற்றில் உட்கார்ந்திருந்த தாய்மாரால் முடிந்தது நம் ஆயாவால் முடியாதா?

ஆயாக் கொட்டகையில் பொட்டலமும், அளவு குறித்த குவளையும், காய்ச்சிய நீரும் எப்போதும் இருக்க வேண்டும். யாரையும் கேட்காமல் உடனே கொடுக்க ஆயாவுக்கு உரிமை வேண்டும். பொட்டலத்தின் விலை வெகு சொற்பம். தோட்டங்களில் தண்ணீர், பிள்ளைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றில் முதலாளிக்குள்ள கடமையை 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் பேசுகிறது. ஆகையால் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

சம்பளம் பற்றியது இதைவிடக் கடினமான கோரிக்கை. பிள்ளைக்காகக் காட்டிலிருந்து அழைக்கப்படும் தாய்க்கு அன்றைய சம்பளம் குறையக் கூடாது. அவள் நிரையின் பாலைப் பக்கத்து நிரைக்காரர் எடுத்து அவள் பெயரில் நிறுக்கட்டும். செக்ரோலில் எப்படி எழுதுவது என்று சாக்குச் சொல்வார்கள். நான் கிராணி, ஒரு வரியில் எழுதிவிடலாம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எங்கள் கிளையின் மனு தயாராகிவிட்டது. வேண்டும் கிளைகளுக்குப் பிரதி எடுத்துத் தருகிறேன்.