உளியும் ஒரு நூலே

விழாக் காணும் கல்லூரித் தாய்க்கு அவள் மக்கள் காணிக்கை செலுத்துதல் மரபு. கட்டடம் எழுப்புவோர் எழுப்புக; வாயில் வளைவு அமைப்போர் அமைக்க; பரிசில் நிதி வைப்போர் வைக்க. அவை யாவும் வரவேற்கத்தக்கனவே. ஆயினும், "நாம் யாது தருவோம்?" என்று பழைய மாணவர் எவரேனும் எம்மை வினவின், ஒரு தச்சுமேசையும், நான்கு உளிகளும், கையிற் பிடித்து இயக்கும் சிறிய மின்சுழற் கருவி ஒன்றும் தருக என்றே விடை பகர்வோம். தமிழாசிரியருக்கும் மின்கருவிக்கும் என்ன தொடர்பு என நகைப்பார் நகைக்க. தொடர்பு உண்டென்று உரைக்கவே இக்கட்டுரை.

வாணி விழாவில் மாணவர் தத்தம் நூல்களைக் கலைமகள் திருமுன் அடுக்குகின்றனர். அவ்விழாவிலேயே வரும் ஆயுத பூசையன்று தொழிலாளர் இல்லங்களில் உளியும் அரமும் வாளும் சந்தனப் பொட்டணிந்து நிற்கின்றன. நம் முன்னோர் நூலையும் கருவியையும் ஒரே விழாவில் வைத்தனர். நாமோ நூலை ஒரு சாராருக்கும் கருவியை மற்றொரு சாராருக்கும் பகுத்துக் கொடுத்துவிட்டோம். பேனை பிடிக்கும் கை உயர்ந்தது, உளி பிடிக்கும் கை தாழ்ந்தது என்னும் எண்ணம் நம் சமுதாயத்தை நெடுங்காலமாகப் பற்றிய நோய். ஒன்பது பாடங்களிலும் திறமைச் சித்தி பெற்ற பிள்ளை, கதவின் தளர்ந்த ஆணியை இறுக்க அயலாரை அழைக்கின்றான். இதனைக் கல்வியின் நிறைவு என்று கொள்ள எம்மால் இயலவில்லை.

இக்கருவி யாதெனின், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மின்னோடியே. அதன் நுனியிலே துளையிடும் அலகு, வெட்டும் தகடு, தேய்க்கும் உருளை, மெருகிடும் பஞ்சு என வேண்டியதைப் பொருத்தலாம். துறப்பணம், அரம், சாணைக்கல் என்பன தனித்தனியே செய்த வேலையை இஃது ஒன்றே சிறிய அளவிற் செய்யும். 1932 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து றசின் நகரிலே அல்பேட் டிறெமல் என்பார் தொடங்கிய நிறுவனம் இவ்வகைக் கருவியைப் பரப்பிற்று. அதனாற் பலர் இன்றும் இதனை டிறெமல் என்றே அழைப்பர். சிரட்டையில் அகப்பை கடைதற்கும், பனை மரத்துண்டில் எழுத்துப் பொறித்தற்கும், பித்தளையின் களிம்பு நீக்குதற்கும் இஃது ஏற்றது.

இதனைத் தேர்ந்தெடுத்தலில் நாம் பட்டறிந்ததைக் கூறுவோம். முதலில் நாம் வாங்கியது, வேகத்தை மாற்றவியலாத மலிவான கருவி. ஒரு நாள் பித்தளைத் தகடொன்றை அறுக்கையில், வெட்டும் தகட்டைச் சற்றே சாய்த்து அழுத்தினோம். அது நொறுங்கி, ஒரு துண்டு எம் மூக்குக்கண்ணாடியிற் பட்டுக் கீறிற்று. கிட்டப்பார்வைக்காக அணிந்த கண்ணாடியே அன்று எம் கண்ணைக் காத்தது. அருகில் நின்று பார்த்த மாணவனுக்கோ அதுவும் இல்லை. அத்துண்டு அவன்பாற் பாய்ந்திருப்பின் அவன் தாய்க்கு என்ன விடை கூறியிருப்போம் என்று எண்ணுந்தோறும் உள்ளம் நடுங்குகின்றது. பிழை கருவியினது அன்று; அறியாது பிடித்த கையினதே.

ஆதலால், வாங்குவோர் பெட்டியினுள் நூறு துணைப்பொருள்கள் உள்ளனவென்று மயங்கற்க. அவற்றுள் ஆறேழே நாளும் பயன்படும். முதலில் நோக்கத்தக்கது, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலுமா என்பது. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 முதல் 35,000 சுழற்சி வரை அமைக்கலாம். பிளாஸ்ரிக்கை மிகுவேகத்தில் அறுத்தால் அஃது உருகி அலகில் ஒட்டும், மரம் கருகும். இரண்டாவது, மின்னழுத்தம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் 120 வோல்ற்றுக் கருவியை நம் நாட்டு 230 வோல்ற்று மின்னில் நேரே செருகினால் அது பழுதாகிவிடும். மூன்றாவது, அலகைக் கவ்வும் கவ்வியின் அளவு. 3.2 மில்லிமீற்றர்த் தண்டுடைய அலகுகளே பரவலாகக் கிடைப்பன. நான்காவது, மின்னோடியின் காபன் தூரிகைகள் தேயும் இயல்பின. மாற்றுத் தூரிகை கிடைக்குமா என விசாரித்தே வாங்குக. நெடுநேர வேலைக்கு மின்கம்பி உடையதும், மின்னிணைப்பில்லா இடத்துச் சிறுவேலைக்கு மின்கலம் உடையதும் உகந்தன.

பயன்படுத்தும் முறையிலே தலையாயது அழுத்தாமை. இக்கருவியின் ஆற்றல் வேகத்தில் உளது, வலிமையில் அன்று. அழுத்தினால் மின்னோடி திணறிச் சூடேறும், தகடு உடையும். ஏட்டில் எழுத்தாணி பிடித்த நம் முன்னோர் இதனை நன்கறிவர். மிகுதியாக அழுத்தின் ஓலை கிழியும், அழுத்தாவிடின் எழுத்துப் பதியாது. அவ்வளவறிந்த கையே இங்கும் வேண்டும். வெட்டும் பொருளைக் கையிற் பிடியாது இறுக்கியிற் பூட்டுக. அலகை மாற்றுமுன் மின்செருகியைக் கழற்றுக. கம்பித் தூரிகையை மெல்லிய வேகத்திலேயே இயக்குக; டிறெமல் நிறுவனமே அதற்கு 15,000 சுழற்சியை எல்லையாக வகுத்துள்ளது. எல்லை கடப்பின் கம்பிகள் கழன்று பறக்கும். பக்கமும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைச் செய்வோன் மட்டுமன்றி அருகில் நிற்போனும் அணிக. கல்லையும் ஓட்டையும் அறுக்கையில் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்குமாதலின் முகமூடியும் இன்றியமையாதது. சால்வையும் தாவணியும் கூந்தலும் சுழலும் தண்டை அணுகலாகா.

"இத்துணை இடருடைய கருவியை மாணவர் கையிற் கொடுப்பதோ?" என்று பெற்றோர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் இக்கருவி இன்று கடைதோறும் கிடைக்கின்றது. பள்ளியிற் கற்பிக்காவிடினும் பிள்ளை வீட்டில் அதனை எடுக்கவே செய்வான். அப்போது அவனருகிற் கண்ணாடியும் இராது, கற்பிப்பாரும் இரார். அலுமாரியிற் பூட்டி வைத்தல் காவலன்று. முறையறியச் செய்தலே காவல். முதலில் ஓராண்டு உளியும் அரமும் பழகட்டும். மரத்தின் நாரோட்டத்தைக் கையால் அறிந்த பின்னரே மின்கருவியைத் தொடட்டும். கைத்திறன் இல்லாதார்க்கு வேகம் தருவது விரைந்து பிழை செய்யும் வாய்ப்பையே.

பழைய மாணவப் பெருமக்களே, பொறியியலாளராகவும் மருத்துவராகவும் கடல் கடந்து வாழ்வோர் உங்களுட் பலர். வாயில் வளைவிற் பொறிக்கப்படும் பெயரை வெளியே நிற்போர் படிப்பர். தச்சுமேசை தருவோர் பெயரோ, அதன்மேற் குனிந்து முதன்முதலாக ஓர் அகப்பையைச் செய்து முடித்துத் தாயிடம் கொண்டோடும் சிறுவனின் உள்ளத்திற் பொறிக்கப்படும். அடுத்த வாணி விழாவிலே நூல்களின் அருகில் எம் மாணவர் செய்த பொருள்களும், அவற்றைச் செய்த கருவிகளும் பொட்டணிந்து வீற்றிருத்தல் வேண்டும். அந்நாளைக் காண விழைகின்றோம்.

வாழ்க கல்லூரித் தாய்!