டாங்கிப் போர்ப் படங்களும் சரித்திர உண்மையும்

இரண்டாம் உலக யுத்தத்தைப் பற்றிய படங்களில் டாங்கிகள் தோன்றுங்கால், இவ்வண்டி அவ்வாண்டிற் செய்யப்பட்டதன்று, இப்பீரங்கி அவ்வண்டிக்கு உரியதன்று என்று கணக்கெடுத்துக் குற்றங் கூறுவார் ஒரு சாரார். கதை சுவையுடையதாயிருக்க இக்கணக்கு எதற்கென்று அவரை நகைப்பார் மற்றொரு சாரார். யாம் முன்னவர் பக்கமே நிற்போம். எனினும், அவர் எடுத்துக்காட்டும் பிழைகளிற் பல பொறுக்கத்தக்கன என்றும், அவர் பெரும்பாலும் காணாது விடும் பிழையே பொறுத்தற்கரியது என்றும் சொல்லத் துணிகின்றோம்.

1965-ம் ஆண்டில் கென் அன்னாகின் இயக்கத்தில் வெளிவந்த 'பேட்டில் ஆப் தி பல்ஜ்' என்னும் அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். 1944-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி, பெல்ஜியம், லக்ஸம்பர்க் நாடுகளிலுள்ள ஆர்டென் மலைக்காடுகளின் வழியே ஜெர்மானியர் அமெரிக்கப் படைமீது திடீரெனத் தொடுத்த பெருந்தாக்குதலே அப்படத்தின் பொருள். படம் பிடிக்கப்பட்டதோ ஸ்பெயின் தேசத்தில். 'ராஜப் புலி' என்று பெயர் பெற்ற ஜெர்மானிய டாங்கிகளாக அதில் உருண்டு வருவன, யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழிந்தபின் அமெரிக்காவிற் செய்யப்பட்ட எம்-47 டாங்கிகளாம். இது கண்டு சினப்பவர் பலர்; யாம் சினவேம். ராஜப் புலிகள் செய்யப்பட்டனவே 500-க்கு உட்பட்டவை. அவற்றுள் எஞ்சி நிற்பனவும் மிகச் சில. ஸ்பெயின் இராணுவத்தினிடம் இருந்தவற்றைக்கொண்டு படம் பிடித்தார்கள். இல்லாததற்கு எங்கே போவது?

ஆயின், வண்டிகள் ஓடிய நிலத்தைப் பற்றி அங்ஙனம் அமைதி கூற இயலவில்லை. படத்தின் பிற்பகுதியில் நிகழும் பெரிய டாங்கிப் போர், பனியும் மரமுமற்ற வறண்ட வெளியில் நடக்கின்றது. உண்மைப் போரோ, காட்டிடையே வளைந்து செல்லும் குறுகிய பாதைகளிலும், ஆற்றுப் பாலங்களிலும், பாதைகள் பல வந்து கூடும் பாஸ்டோன், சென் வித் முதலிய ஊர்களிலும் நிகழ்ந்தது. ஏறக்குறைய 70 டன் எடையுள்ள ராஜப் புலி எல்லாப் பாலத்தின் மீதும் ஏறிவிட இயலாது. ஒரு பாலம் தகர்க்கப்பட்டால் பின்னே வரும் வரிசை முழுவதும் நின்றுவிடும். அன்றியும், தாழ்ந்த மேகமும் மூடுபனியும் நேச நாட்டு விமானங்களைப் பல நாள் பறக்கவொட்டாமல் தடுத்தன. அக்காலநிலையை நம்பியே ஜெர்மானியர் தாக்கினர். டிசம்பர் 23-ந் தேதி வானம் வெளுத்தபின் விமானங்கள் அவர்மீது பாய்ந்தன. தெளிந்த வெளியில் டாங்கிகள் அணிவகுத்து மோதுவதைக் காண்கின்ற மாணவன், விமானங்கள் எங்கே போயின என்று கேட்டால் யார் விடை கூறுவார்?

பெட்ரோல் தட்டுப்பாட்டைப் படம் மறக்கவில்லை. அதற்காக அதனைப் புகழ்கின்றோம். ஆயினும், தீப்பற்றிய பீப்பாய்களை உருட்டிவிட்டு டாங்கிகளை எரிக்கும் முடிவு எமக்கு உவப்பாயில்லை. உண்மையில் நிகழ்ந்தது அதனினும் உருக்கமானது. எஸ்.எஸ். படைத்தலைவர் யோவாகிம் பைப்பரின் படை, லா கிளேஸ் என்னும் சிற்றூரில் பெட்ரோலின்றி அகப்பட்டுக்கொண்டது. டிசம்பர் 24-ந் தேதி விடியுமுன், சுமார் 800 பேர் தம் வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு இருளிற் கால்நடையாய்ச் சென்றனர். அவர் விட்டுச்சென்ற ராஜப் புலிகளுள் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கின்றது.

இனி, எம்மை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். டிசம்பர் 17-ந் தேதி, மல்மெடி என்னுமிடத்தருகே, கைப்பற்றப்பட்ட அமெரிக்க வீரர் 84 பேரைப் பைப்பரின் படையினர் சுட்டுக் கொன்றனர். அக்கொலை படத்திலும் காட்டப்படுகின்றது. ஆனால் பைப்பர் படத்தில் இல்லை. டாங்கிப் படையை நடத்துபவன் ஹெஸ்லர் என்னும் கற்பனைக் கர்னல். ராபர்ட் ஷாவின் நடிப்பிலே அவன் திறமும் மிடுக்கும் உடையவனாக விளங்குகின்றான். உண்மைத் தலைவரோ 1946-ல் டாக்கௌ நகரில் விசாரிக்கப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பெற்று, பின்னர் அது குறைக்கப்பட்டு 1956-ல் விடுதலையானவர். கொலையை வைத்துக்கொண்டு, அதற்கு விடை கூற வேண்டியவரின் பெயரை மட்டும் நீக்கியது என்ன சரித்திரம்? பெயர்களும் இடங்களும் பொதுவாக்கப்பட்டுள்ளன என்று படத்திலேயே ஒரு குறிப்பு உண்டென்பது மெய்தான். மூன்று மணி நேரக் காட்சியை ஒரு நொடி எழுத்து திருத்திவிடுமோ?

உண்மை வண்டியைக் கொணர்ந்தால் உண்மைப் போர் வந்துவிடும் என்பதுமில்லை. டேவிட் அயர் இயக்கிய 'பியூரி' 2014-ல் வெளிவந்தது. இங்கிலாந்தில் பாவிங்டன் டாங்கிப் பொருட்காட்சிச் சாலையிலுள்ளதும், 1943-ல் டியூனீஷியாவிற் பிடிபட்டதுமான மெய்யான 'புலி' டாங்கியே அதில் நடித்தது. ஷெர்மன் டாங்கியின் வயிற்றுள் ஐவர் நெருங்கி வாழும் வாழ்வையும் அப்படம் நன்கு காட்டுகின்றது. ஆயின், மறைவிலிருந்து சுட்டு வெல்லத்தக்க அப்புலி, யாது காரணமோ, மறைவை விட்டு வெளியே வந்து பகைவரை நெருங்குகின்றது! இறுதியிலோ, பட்டை அறுந்து நகரமாட்டாத ஒரே டாங்கி, டாங்கியைத் துளைக்கும் கைக்கருவிகளை உடைய சுமார் 300 பேரை நெடுநேரம் எதிர்க்கின்றது.

நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று தொல்காப்பியர் பிரித்ததை ஓதும் நீவிர் இங்ஙனம் சினத்தல் தகுமோ என்று எம் வகுப்புத் தோழர் சிலர் வினவினர். கலிங்கத்துப்பரணியிற் பேய்கள் கூழடுவதை எவரும் போர்ச் செய்தியாகக் கொள்ளார். அது பரணி என்பதைப் பெயரே அறிவிக்கின்றது. மேற்கூறிய 1965-ம் ஆண்டுப் படமோ மெய்ப்போரின் பெயரையே தலைப்பிற் சூடி வருகின்றது. அதே காலத்து 'கெல்லீஸ் ஹீரோஸ்' என்னும் 1970-ம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். யுகோஸ்லாவியாவில், ரஷ்ய டி-34 டாங்கிகளுக்குப் புலி வேடம் புனைந்து எடுத்தது அது. போர்முனைக்கு அப்பால் வங்கிப் பொன்னைக் கொள்ளையிடப் போகும் சிப்பாய்களின் கதை. சரித்திரம் என்று எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. அதனைக் கண்டு யாம் வயிறு குலுங்க நகைத்தோம். ஒரு குற்றமும் எண்ணினேமல்லேம்.