டங்கன் துரை

'மந்திரி குமாரி'யை எடுத்தது ஒரு அமெரிக்கர் என்று சொன்னதும் எங்கள் மோகனூர்ப் பெரியப்பா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"என்ன கண்ணு சொல்ற? அது எம்.ஜி.ஆர். படமாச்சே. வசனம் கலைஞரு. இதுல வெள்ளைக்காரன் எங்கிருந்து வந்தான்?"

ஓஹையோ மாநிலத்து பார்ட்டனிலிருந்துதான் வந்தார். எல்லிஸ் ஆர். டங்கன், 1909-இல் பிறந்தவர். தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தபோது உடன் படித்த மாணிக்லால் டாண்டன் அழைக்க, 1935-இல் கப்பலேறினார். சில மாதம் இருந்து பார்த்துவிட்டுப் போகிற யோசனைதான். பதினைந்து வருஷம் ஆகிவிட்டது.

'நந்தனார்' வேலையில் இருந்த டாண்டன், தனக்கு வந்த இன்னொரு படத்தை நண்பர் பக்கம் தள்ளிவிட்டார். அது 'சதி லீலாவதி' (1936). எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதை. எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா மூவருக்கும் அதுதான் முதல் படம். மூவரையும் முதலில் காமிராவுக்குள் பார்த்தவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. வசனத்துக்குப் பக்கத்திலேயே ஆங்கிலம் எழுதிக் கொடுப்பார்கள். உதவியாளர்கள் நடுவில் நின்று மொழிபெயர்ப்பார்கள்.

மொழி தெரியாததை அவருடைய குறை என்பார்கள். எனக்கு அதுதான் அவருடைய மூலதனம் என்று தோன்றுகிறது. அந்தக் காலத்துப் படம் என்றால் நாடக மேடைக்கு முன்னால் காமிராவை நட்டுவைத்தது போல இருக்கும். பாட்டும் வசனமும் காதுக்கு நிறைந்துவிட்டால் நம் ஆட்களுக்குப் போதும். இவருக்குக் காது உதவாது, கண் ஒன்றுதான். காமிராவை நகர்த்தினார், முகத்துக்கு அருகே கொண்டுபோனார். 'மீரா' (1945) எடுக்குமுன் எம்.எஸ்.சுப்புலட்சுமியின் தலையைப் பிளாஸ்டரில் வடித்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து விளக்கை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தாராம். அந்தப் படத்தில் எம்.எஸ். முகத்தில் விழும் வெளிச்சத்தைக் கவனித்தவர்களுக்கு இது பொய்யாகத் தோன்றாது.

சேலத்துக்கு அவர் வந்தது கடைசியில். மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் நம்ம திருச்செங்கோட்டுக்காரர். லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு, ஏற்காடு ரோட்டில் சினிமா ஆலை நடத்தியவர். ஆலை என்றே சொல்லலாம், அவ்வளவு கண்டிப்பு. அங்கே பாரதிதாசன் எழுத்தில் 'பொன்முடி'யை முடித்தார் டங்கன். அடுத்தது குண்டலகேசிக் கதையிலிருந்து 'மந்திரி குமாரி'. இரண்டுமே 1950. இரண்டாவது முடியும் முன்பே அவர் ஊருக்குக் கிளம்ப, மீதியைச் சுந்தரம் எடுத்தார். டைட்டிலில் இருவர் பேரும் உண்டு.

இங்கே என் சித்தாந்தம் கொஞ்சம் இடறுகிறது. 'மந்திரி குமாரி'யை ஊர் இன்றுவரை நினைப்பது கலைஞர் வசனத்துக்கும், திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டுக்கும்தானே. தனக்குப் புரியாத வசனம் ஜெயிக்கிற படத்தை அந்த மனிதர் எப்படி எடுத்தார்? எம்.ஜி.ஆர். - கலைஞர் கூட்டு அதோடு நிற்கவில்லை. நாலு வருஷத்தில் 'மலைக்கள்ளன்' வந்தது. அந்த நாவலை எழுதிய நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பிறந்தது இதே மோகனூரில். அதைச் சொன்னால் பெரியப்பாவுக்கு ஆச்சரியமில்லை. அது அவருக்குத் தெரிந்த பெருமை.

டங்கன் அமெரிக்காவில் மேற்கு விர்ஜீனியாவின் வீலிங்கில் தங்கி, ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். 90-களில் சென்னைக்கு ஒருமுறை வந்தபோது திரையுலகம் அவரைக் கொண்டாடியது. சின்ன இன்ஸ்பெக்டர் வேஷத்தில் அவர் நிறுத்திய பையன் அதற்குள் முதலமைச்சராகி, இறந்தும் போயிருந்தார். டங்கன் 2001 டிசம்பரில் காலமானார், வயது 92.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுபடி வெற்றிலையை மடித்தார்.

"தமிழ் தெரியாதுன்னா, நடிக்கிறவன் வசனத்தைத் தப்பாச் சொன்னா எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

"முகத்தைப் பார்த்துத்தான் பெரியப்பா."

"அப்படியா," என்றவர், சுண்ணாம்பு டப்பாவைத் தேடத் தொடங்கினார்.