பயறு போட்டால் மட்டும் மண் வளமாகுமா?

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி நெல்லுக்குப் பின் தை, மாசியில் பயறு விதைப்பது நெடுநாளைய வழக்கம். பயறு போட்டால் மண்ணுக்கும் நல்லது என்று சொல்லாத குடியானவர் இல்லை. இதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதி, காய் எடுத்த பிறகு செடியை நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

பயற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அந்தச் சத்து வேரிலேயே தங்கிவிடுவதில்லை. இலைக்கும் தண்டுக்கும் ஏறி, காய் முற்றும்போது பெரும்பகுதி மணிக்குள் போய்விடுகிறது. பச்சைப்பயற்றில் நூற்றுக்கு 24 பங்கு அளவுக்குப் புரதம் இருக்கிறதென்றால் அது இப்படி வந்ததுதான். மணியை நாம் எடுத்துக்கொள்வது நியாயம். செடியையும் வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்து எடுத்துவிட்டால், வயலுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலையும் அறுந்த வேரும் மட்டுமே. முன்பெல்லாம் அந்தச் செடியைத் தின்ற மாட்டின் சாணம் எருவாகி வயலுக்கே திரும்பியது. இன்று பல வீடுகளில் மாடு இல்லை. காய்ந்த செடி விலைக்குப் போகிறது. இல்லாவிட்டால் களத்து ஓரத்தில் எரிகிறது.

பம்ப்செட் வசதியுள்ளவர்கள் இரண்டு முறை காய் பறித்துக்கொண்டு, இலை பச்சையாக இருக்கும்போதே செடியை மடக்கி உழுதுவிட வேண்டும். மட்குவதற்கு ஈரம் தேவை. உழுததும் ஒரு தண்ணீர் விடுங்கள். அடுத்த குறுவையில் யூரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு போடாமல், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போட்டால் மிச்சம் தெரியும். தண்ணீர் இல்லாதவர்கள் பிடுங்குவதை விட்டு அரிவாளால் அடியில் அறுக்கலாம். வேரில் இருக்கும் சத்து கொஞ்சம்தான் என்றாலும் அதையாவது ஏன் களத்துக்குச் சுமக்க வேண்டும்? காயடித்த சக்கையை வயலிலேயே பரப்பிவிடுங்கள்.

பறிக்க ஆள் எங்கே என்று கேட்பீர்கள். கேள்வி சரியானதே. முழு வயலிலும் முடியாவிட்டால், முளைகட்டும் பயற்றுக்கென்று ஒரு பகுதியிலாவது கையால் பறியுங்கள். ஏனெனில் முளைகட்டுவதற்கு மணி உயிரோடிருக்க வேண்டும். இயந்திரத்தில் அடிபட்டுத் தோல் கீறிய மணி ஊறியதும் அழுகி, கூட இருப்பதையும் நாற வைக்கும். முற்றிய காயில் மழை பட்டதும் ஆகாது. வண்டு துளைத்த மணியும் அப்படியே. எத்தனை நேரம் ஊறினாலும் அசையாத கல் பயறு சில எப்போதும் இருக்கும். அதைப் பொறுக்கி எறிவது வீட்டுப் பெண்களுக்குப் பழகிய வேலை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். பூசண மருந்து கலந்த விதையில் மீந்ததை ஒருபோதும் முளைகட்டித் தின்னக் கூடாது. கழுவினால் போய்விடும் என்பது தவறு. மத்தியப் பிரதேசத்தில் கோடைப் பயற்றுக்கு அறுவடைக்கு முன் களைக்கொல்லி தெளித்து, செடியை ஒரேயடியாகக் காயவைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. ஆள் செலவு குறைகிறது என்று இங்கும் அதைப் பரிந்துரைக்க யாராவது வந்தால் கேளாதீர்கள். முளைப்புத் திறனுக்கும் கேடு, உண்பவர் உடலுக்கும் கேடு.

நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மெழுகுப் பதத்தில் பயறு தெளிக்கும் முறை, அறுவடை இயந்திரம் வந்தபின் சிரமமாகிவிட்டது. சக்கரத் தடத்தில் இளம் பயிர் நசுங்குகிறது. இயந்திரம் போனபின் விதைப்பவர்கள் ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். நாள் தள்ளினால் முளைப்பு பழுதாகும்.

முடிச்சு வேலை செய்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். விதைத்த 30, 35 நாளில் ஒரு செடியை இழுக்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசுங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது சும்மா இருக்கிறது. அடுத்த முறை ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.