தன்வினையில் ஒளியும் விரல்

"துப்பாக்கி தவறுதலாக இயங்கியதில் ஒருவர் படுகாயம்" என்னும் செய்தி ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை வாசகருக்குப் பழகிப்போன ஒன்று. பழகிப்போனமையாலேயே அதன் இலக்கணம் எவர் கண்ணிலும் படுவதில்லை. 'இயங்கியது' என்பது தன்வினை. எழுவாய் துப்பாக்கி. அதை இடுப்பில் வைத்திருந்தவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார். கத்தி தானாக வெட்டியது என்று சாவகச்சேரிச் சந்தையில் ஒருவன் சொன்னால், பிடித்த கை யாருடையது எனப் பலாப்பழம் விற்கும் கிழவியே கேட்பாள். துப்பாக்கிக்கு மட்டும் இச்சலுகை எங்கிருந்து வந்தது?

பொறியில் ஒருபோதும் குற்றமில்லை என்பதன்று வாதம். 19 ஆம் நூற்றாண்டின் கோல்ட் வகை ரிவோல்வர்களில் சுத்தியலின் முனை ரவையின் பின்புறத்தைத் தொட்டபடி கிடந்தது. கீழே விழுந்தாலே வெடிக்கும். ஆகவே விபரமறிந்தோர் ஆறு ரவைக்கு இடமிருந்தும் ஐந்தையே இட்டு, சுத்தியலின் கீழ் வெற்றறையை விட்டுவைத்தனர். 1944 இல் கப்பற்றளத்தில் விழுந்த ரிவோல்வர் வெடித்து அமெரிக்கக் கடற்படையினர் ஒருவர் மாண்டதன் பின்னரே ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் சுத்தியலுக்குரிய தடையைத் திருத்தியமைத்தது. 2017 இலும் சிக் சாவர் நிறுவனம் தனது பி 320 பிஸ்டலை, விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற குறைக்காக, மீளப்பெற்றுத் திருத்திக் கொடுக்க முன்வர நேர்ந்தது. எனினும் இங்கும் எழுவாய் இல்லாமற் போகவில்லை. செய்த தொழிற்சாலையே எழுவாய்.

ஏனைய வெடிகளுக்குச் சுமந்தவரே எழுவாய். ரவைக்கூட்டைக் கழற்றியதும் பிஸ்டல் வெறுமையாகிவிட்டது என்று நம்புவது எத்தனையோ உயிர்களைக் குடித்த அறியாமை. கூடு கழன்ற பின்னரும் வெடியறையில் ஒரு ரவை எஞ்சியிருக்கும். அதைப் பின்னிழுத்து வெளியேற்றி, கண்ணாற் பார்த்து, விரலாற் தடவியும் பார்த்த பின்னரே 'வெறுமை' என்ற சொல்லுக்குப் பொருளுண்டு. அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளுள் முதலாவது, எத்துப்பாக்கியும் ரவையேற்றியதே எனக் கொள்ளவேண்டும் என்பது. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பாதிருத்தல், இலக்கை நோக்கும்வரை விசையில் விரல் வையாதிருத்தல், இலக்கையும் அதன் பின்னுள்ளதையும் அறிந்திருத்தல் என்பன மற்றவை. ஒரு சிறுவனும் அரை மணியில் மனனஞ் செய்யலாம். கடைப்பிடிப்பதற்கோ ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும்.

மறைத்துச் சுமப்பவருக்கு இவ்விதிகளே இடர் தருகின்றன. சாரத்தின் மடிப்பிலோ காற்சட்டையின் முன்புறத்திலோ செருகிய பிஸ்டலின் குழல் நாள் முழுவதும் அவருடைய தொடையின் பெருநாடியையே நோக்குகிறது; இரண்டாம் விதி அவ்விடத்திலேயே முறிந்துவிடுகிறது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தை முற்றாக மூடும் விறைப்பான உறையில்லாவிடின், சட்டை நுனியோ கயிற்று முடிச்சோ விசையை இழுக்கப் போதும். 2008 நவம்பரில் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் பிளாக்சிகோ பரஸ் நியூயோர்க்கின் களியாட்ட விடுதியொன்றில் நின்றபோது, உறையின்றி இடுப்பிற் செருகியிருந்த பிஸ்டல் வழுக்கியது. பிடிக்கப்போய்த் தன் தொடையையே சுட்டுக்கொண்டார். அனுமதியின்றி வைத்திருந்தமைக்காகச் சிறையுஞ் சென்றார். விழும் துப்பாக்கியை விழவிட வேண்டும் என்பது பயிற்சியாளர் வற்புறுத்தும் பாடம். கைக்கு அது இயல்பில் வராது. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலக் கடையொன்றில் தாயின் கைப்பைக்குள் இருந்த பிஸ்டலை எடுத்தது இரண்டு வயதுக் குழந்தை. தாய் அவ்விடத்திலேயே இறந்தார். 2024 ஒக்டோபர் 1 ஆந் திகதி இந்தி நடிகர் கோவிந்தா தன் அனுமதிபெற்ற ரிவோல்வராலேயே காலிற் காயமுற்றார். மூவரிடமும் துப்பாக்கி இருந்தது, எதிரி இருக்கவில்லை.

'எதிரி உள்ளவன் என்ன செய்வான்?' என்று கேட்போர் நல்லூரை நினைவுகூர்தல் நன்று. 2017 யூலை 22 ஆந் திகதி, நல்லூர்க் கோயிலின் பின்வீதியில், மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்டின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை ஒருவன் பறித்து, அதனாலேயே அவரைச் சுட்டான். அவர் உயிரிழந்தார். பல்லாண்டு சேவை செய்தவருக்கே இக்கதி. வெளித்தெரிந்தால் பறிபோகும், ஆழ ஒளித்தால் வேண்டியபோது கைக்கு எட்டாது. இந்த இரண்டக நிலைக்குத் துப்பாக்கி விற்போரிடம் விடை கிடையாது, விலைப்பட்டியலே உண்டு.

ஒளித்தல் யாருக்கு வாய்ப்பானது என்பதற்கு 2025 பெப்ரவரி 19 சான்று. கொழும்பு, புதுக்கடை நீதிமன்றினுள், சட்டத்தரணி வேடத்தில் வந்தவனுக்கு ரிவோல்வர் சென்று சேர்ந்தது, தாள்கள் குடையப்பட்ட சட்டப் புத்தகமொன்றுக்குள். தாக்குபவனே நேரத்தைத் தெரிகிறான். தற்காப்பாளன் முப்பொழுதும் சுமந்து, முப்பொழுதும் விழித்திருக்க வேண்டும்.

கைக்கருவி கொடுத்தவரிடத்தே நிற்பதில்லை என்பதைச் சாவகச்சேரிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1982 ஒக்டோபர் 27 ஆந் திகதி அவ்வூர்ப் பொலிஸ் நிலையத்தை விடுதலைப் புலிகள் தாக்கியபோது, அரசு வாங்கி அடுக்கிய ஆயுதங்கள் ஒரு காலைப்பொழுதிற் கைமாறின. பின்னர் நகரமே கைமாறி, 2000 ஆம் ஆண்டில் கற்குவியலாயிற்று. அத்தகைய ஊரின் இளைஞன் இன்று இடுப்பில் ஒன்று இருந்தால் மதிப்பு எனக் கருதுவானாயின், அக்கருத்தை அவனுக்கு ஊட்டிய திரைப்படத்தையும் அரசியல்வாதியின் பரிவாரத்தையுஞ் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலன் கட்டளைச்சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் சொல்கிறது. பத்திரத்தைப் புதுப்பிக்கலாம், பயிற்சியைப் பத்திரத்தாற் புதுப்பிக்க இயலாது. 2024 இன் இறுதியிற் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கக் கோரியது வரவேற்கத்தக்கது. மீளாய்வு பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடலாகாது. உறை எவ்வகை, இரவில் எங்கே பூட்டப்படுகிறது, வீட்டிற் பிள்ளைகள் உண்டா, இறுதியாகச் சுட்டுப் பழகியது எப்போது என்பன கேட்கப்படல் வேண்டும். கேள்விக்கு முகஞ் சுழிப்பவரிடம் துப்பாக்கி திரும்பவே கூடாது.

சீருடையினருக்கும் இதே கேள்விகள் உரியன. 2016 ஒக்டோபர் 20 இரவு குளப்பிட்டியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தமை முதலில் வீதி விபத்து எனப்பட்டது. பிரேதப் பரிசோதனையே சூட்டுக் காயத்தை வெளிப்படுத்தியது. 'விபத்து' என்னும் சொல் எவ்வளவு விரைவாக வந்து சேர்கிறது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. அசட்டையான செயலால் மரணம் விளைவித்தலுக்குத் தண்டனைச் சட்டக் கோவையின் 298 ஆம் பிரிவு ஐந்தாண்டுவரை சிறை விதிக்கிறது. அப்பிரிவு வண்டி ஓட்டுவோர்க்கு மட்டும் எழுதப்பட்டதன்று. மரண விசாரணையில் முதற் கேள்வி, விசையில் யாருடைய விரல், ஏன் அங்கே இருந்தது என்பதாகட்டும். பத்திரிகையாளர் செய்ய வேண்டியது அதனினும் எளிது: 'இயங்கியது' என்பதை அடித்துவிட்டு 'இயக்கினார்' என்று எழுதி, யார் என்பதையும் விசாரித்து எழுதலாம்.