அரைத் தொட்டிப் பால்

இந்த வாரம் கோபத்தில்தான் எழுதுகிறேன். வேகத்தடை பற்றிய கோபம் இல்லை. அதை எழுதி எழுதி நான் ஓய்ந்ததுதான் மிச்சம், எங்கள் தாமானில் புதிதாக இன்னொன்றைப் போட்டிருக்கிறார்கள். இது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரம்பானிலிருந்து கோல கிளாவாங் போகும் மலைச்சாலையில், ஜெராம் தோய் அருவியைத் தாண்டி புக்கிட் தங்கா ஏறும் இடத்தில், மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காடி ஒன்று சாலையின் இரண்டு பக்கத்தையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டு எதிரே வந்தது. வளைவுக்கு அப்பால் யார் வருகிறார்கள் என்று பார்க்க வழியில்லாத இடம் அது. நான் ஓரம் ஒதுங்கினேன். எனக்குப் பின்னால் வந்த லோரிக்காரர் விட்ட வசவை இங்கே அச்சிட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் அக்காள் மகன் உட்கார்ந்திருக்கிறான். கையில் கைப்பேசி, அதில் சிப்பாங் தடத்தில் அவன் காடி ஓட்டிய காணொளி. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தாலும் வந்தது, நீலாயிலும் சிரம்பானிலும் நம் பையன்கள் கூட்டாகப் பணம் போட்டுச் சிப்பாங்கைச் சுற்றப் போகிறார்கள். நல்லதுதான். ஆசை இருப்பவன் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, எதிர்த் திசையில் யாரும் வராத இடத்தில், காசு கட்டித் தீர்த்துக்கொள்ளட்டும். புக்கிட் தங்காவில் வேண்டாம். சிப்பாங் சிலாங்கூரில் இருக்கிறது, அதற்கு உனக்கென்ன என்று கிள்ளான் வாசகர் எழுதுவார். ஒரு காலத்தில் நம் நெகிரி செம்பிலானின் லுக்குட்டே சிலாங்கூரோடுதான் இருந்தது ஐயா, எல்லைக்கோட்டைப் பார்த்தா காடி ஓடுகிறது?

பையனின் குறை இதுதான்: "நேர்ச்சாலையில எவனும் என்னைப் பிடிக்க முடியல மாமா. வளைவுல கடைசி நிமிசத்துலதான் பிரேக் அடிக்கிறேன். ஆனா வெளியே வரும்போது ஒரு பழைய சாத்ரியா என்னைத் தாண்டிப் போயிடுது." அந்தப் புரோட்டான் சாத்ரியாவை ஓட்டியவர் தலை நரைத்தவராம். அதுதான் அவனுக்குக் கூடுதல் வலி.

என்னிடம் ஏன் வந்தான் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். பந்தயக் காடி ஓட்டுவது பற்றிய பியெரோ தருஃபியின் புத்தகம். பத்திரிகை ஆசிரியர் பல்லைக் கடிப்பது தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை அவசியம் இருக்கிறது. தருஃபி ரோம் நகரத்துப் பொறியாளர். 1952-இல் சுவிஸ் கிராண்ட் பிரி வென்றவர். 1957-இல், ஐம்பது வயதில், இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயத்தை வென்ற கையோடு பந்தயத்தை விட்டவர். அதே பந்தயத்தில் தெ போர்தாகோ என்ற ஓட்டுநரின் ஃபெராரி கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் செத்தார்கள். அந்தப் பந்தயத்தைப் பொதுச்சாலையில் அப்படி வேகமாக விடுவது அதோடு நின்றது. 1959-இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய புத்தகத்தில் வீரக்கதை குறைவு, வளைவுகளின் படமும் கணக்கும் அதிகம். சிரம்பான் பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்த பிரதியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட கணக்கும் இருக்கிறது. அந்த முகம் தெரியாத ஆள் ஓர் இடத்தில் வர்க்கமூலம் தப்பாக எடுத்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் திருத்தக் கை அரிக்கிறது.

கணக்கு எளிது. வளைவின் ஆரம் பெருகினால் வேகம் பெருகும், ஆனால் அதே விகிதத்தில் இல்லை, வர்க்கமூலமாகப் பெருகும். டயருக்குத் தரையில் உள்ள பிடி காடியின் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 56 கிலோமீட்டருக்குமேல் போக முடியாது. சாலையின் வெளி ஓரத்தில் நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விரிந்தால், அதே வளைவு உங்கள் சக்கரத்துக்கு 36 மீட்டர் ஆரமாகிறது என்று கொள்ளுங்கள், 67-ஐத் தாண்டலாம். எஞ்சினுக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை. வெளி, உள், வெளி. பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனால் உள் ஓரத்தை எந்த இடத்தில் தொடுவது என்பதில்தான் ஆள் ஆளுக்கு வித்தியாசம். அவசரக்காரன் சீக்கிரமே தொட்டுவிடுவான். வளைவு முடியும் முன்னே அவனுக்குச் சாலை தீர்ந்துபோகும். முடுக்கியிலிருந்து காலை எடுக்க வேண்டியதுதான். பொறுத்துத் தொடுகிறவனுக்கு மிச்ச வழி கிட்டத்தட்ட நேர்ச்சாலை. அங்கே அவன் மிதிக்கும் மிதி அடுத்த வளைவு வரைக்கும் பலன் தரும்.

சிப்பாங்கில் 5.543 கிலோமீட்டரில் பதினைந்து வளைவுகள். முதலாவது, நீண்ட நேர்ச்சாலை முடிந்து வலப்பக்கம் சுருண்டுகொண்டே போவது. அதிலிருந்து நிமிர்வதற்குள் இடப்பக்கம் இரண்டாவது. நம் பையன் முதல் வளைவில் வீரம் காட்டிவிட்டு இரண்டாவதில் தவறான ஓரத்தில் நிற்கிறான். முதலாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இரண்டாவதிலிருந்து நாலாவது வரைக்கும் நிம்மதியாக மிதிக்கலாம். பதினாலாவது இன்னும் மோசம்: காடி திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக் பிடிக்க வேண்டும், வெளியே வந்தால் பின்பக்க நேர்ச்சாலை. டயரின் பிடி ஒன்றுதான். பிரேக்குக்கும் ஸ்டீரிங்குக்கும் அதைப் பங்கு போட்டுத்தான் கொடுக்க முடியும். முழுப் பிடியையும் பிரேக்குக்குக் கொடுத்தவன் ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முன்சக்கர இழுவைக் காடி மூக்கை நீட்டிக்கொண்டு நேரே போகும். காடி திரும்பத் திரும்ப, பிரேக்கிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். கண் காடியின் மூக்கில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அந்த நரைத்த சாத்ரியாக்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு எடை மாற்றத்துக்கு வந்தேன். பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும், திருப்பினால் வெளிப்பக்கம் சாயும், ஸ்பிரிங்குகள் அதைத் தாங்கிக்கொண்டு அடங்கச் சற்று நேரம் பிடிக்கும், அதற்குள் அடுத்த பக்கம் வெட்டினால் காடி உதறும் என்று சொல்லும்போது, பையன் கொட்டாவி விட்டான். எனக்குச் சட்டென்று ரப்பர்ப் பால் லோரி நினைவுக்கு வந்தது.

லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். அடுத்த லயத்து டிரைவர் மாமா பால் லோரி ஓட்டினார். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள், பிறகு மரம் வெட்டு, வெயில் ஏறுவதற்குள் வாளிப் பால் ஸ்டோருக்கு வந்து நிறுவையாகும். அம்மோனியா கலந்து, பால் உறையும் முன்னே தொட்டி லோரி தொழிற்சாலைக்குக் கிளம்ப வேண்டும். லோரி போன பிறகும் அந்த நெடி மூக்கை விட்டுப் போகாது. பள்ளி விடுமுறையில் முன்னிருக்கையில் என்னை ஏற்றிக்கொள்வார். விதிப்படி கூடாது. விதி எழுதியவர்கள் செம்மண் சாலைக்கு வருவதில்லை.

முழுத் தொட்டியைப் பற்றி அவருக்குப் பயமே கிடையாது. முழுத் தொட்டிப் பால் அசைய இடமில்லை, அது பாறாங்கல் ஏற்றியது மாதிரி. அவர் பயந்தது அரைத் தொட்டிக்கு. மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறையும், காலையில் மழை பெய்தால் வெட்டே பாதிதான். அந்த நாட்களில் லோரிக்குப் பாரம் குறைவு, ஆபத்து கூடுதல். வலப்பக்கம் திரும்பினால் பால் முழுவதும் இடப்பக்கச் சுவரில் ஏறும். ஸ்டீரிங்கை நிமிர்த்தியதும் திரும்பி வரும், வந்து மறு சுவரில் மோதும். தொட்டிக்குள் குறுக்குத் தடுப்பு இருந்தாலும் முன்னும் பின்னும் ஓடுவதைத்தான் அது குறைக்கும். பக்கவாட்டில் புரள்வதை அது என்ன செய்யும்? ஆற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் வலது, உடனே இடது என்று இரட்டை வளைவு. பால் இடச்சுவரிலிருந்து புரண்டு வரும் நேரம் பார்த்து இடது பக்கம் வெட்டினால், அதன் வேகமும் திருப்பத்தின் தள்ளலும் ஒன்றுசேர்ந்து லோரியைச் சாய்த்துவிடும். டிரைவர் மாமா முதல் வளைவுக்கு வெகு முன்னாலேயே கியரை இறக்கிவிடுவார். வளைவுக்குள் பிரேக்கைத் தொட மாட்டார். இரண்டு வளைவுக்கும் நடுவில், ஒரு வீட்டு முற்றத்து நீளம்கூட இல்லாத இடத்தில், ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, தொட்டி முதுகுப்பக்கம் 'தொப்' என்று ஒரு சத்தம் போடக் காத்திருப்பார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த திருப்பம்.

"பால் உட்காரட்டும்டா" என்பார். வேறு விளக்கம் கிடையாது.

அந்தச் சாலைகள் அப்படி வளைந்ததற்கும் காரணம் இருந்தது. நெகிரி செம்பிலான் மேடும் பள்ளமுமான மண். குன்றைச் சுற்றிப் படி வெட்டி மரம் நட்டார்கள். சாலையும் அந்தப் படியோடு சுற்றியது. மழைத்தண்ணீர் சாலையை அறுத்துக்கொண்டு போகாமலிருக்க வேறு வழியில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது சாலை மாறவில்லை, பாரம்தான் மாறியது. பறித்த குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே மழையானாலும் இருட்டானாலும் குலை லோரி ஓடியாக வேண்டும், அதுவும் தலைக்குமேல் குவித்த பாரத்தோடு. இந்த மாதிரித் தோட்டச் சாலைகளில்தான் மலேசிய ராலியை நடத்தினார்கள். 2002-இல் உலக ராலியின் உற்பத்திக் கார் பிரிவில் புரோட்டான் ஓட்டிப் பட்டம் வென்ற கரம்ஜித் சிங்கை நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அந்த மாதிரிச் சேற்றில் தினமும் பாரம் ஏற்றிப்போனவர்களுக்கு யார் கோப்பை கொடுத்தார்கள்?

கோப்பை வேண்டாம், ஒரு காகிதமாவது கொடுத்திருக்கலாம். தோட்டச் சாலை தனியார் சாலை. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் கேட்பாரில்லை. தோட்டம் விற்றுப்போய் லயத்தைக் காலி செய்தபோது, வாழ்நாளெல்லாம் ஸ்டீரிங் பிடித்த சிலருக்குக் கையில் கனரக வாகன லைசென்ஸ் இல்லை. பட்டணத்தில் காவல் வேலைக்கும் புல் வெட்டவும் போனார்கள். டிரைவர் மாமாவிடம் லைசென்ஸ் இருந்தது, ஆனால் வயதாகிவிட்டது. கடைசிவரை அவரை நான் ஒரு கொட்டகைக்கு வெளியே நாற்காலியில்தான் பார்த்தேன், சாவிக்கொத்தோடு.

தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. துரை வருகிறார், கங்காணி வருகிறார், கிராணி வருகிறார், கள்ளுக்கடையும் கோயில் திருவிழாவும் ஒரு அத்தியாயம் பிடித்துக்கொள்கின்றன. பால் லோரி டிரைவர் ஒரு வரியில்கூட இல்லை. நூறு பேர் வெட்டிய பாலை மதியத்துக்குள் கொண்டுசேர்த்தவர் அவர்தானே? அவர் கவிழ்த்திருந்தால் அன்றைய பால் சாக்கடைக்குத்தான் போயிருக்கும்.

இன்றைக்குச் செண்டாயான் பக்கம் போய்ப் பாருங்கள். மரம் நின்ற இடமெல்லாம் வீடு. குன்றை மழித்து நேராகப் போட்ட அகலமான சாலைகள், நடுவில் வட்டம், பிறகு மறுபடி நேர். அதில் காடி ஓட்டப் பழகியவனுக்கு முடுக்கி ஒன்றுதான் தெரியும். வளைவு பழகச் சிப்பாங்குக்குப் பணம் கட்டிப் போகிறான். சிப்பாங் தடமும் செம்பனை நிலத்தில் போட்டதுதான், 1999-இல் திறந்தார்கள்.

அக்காள் மகனை மறந்தே போனேன். எழுந்து போகும்போது, பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்றிவிட்டு மறுபடி தடத்துக்குப் போ, பிரேக் சூட்டில் பழைய எண்ணெய் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும் என்று சொன்னேன். ஓடி முடித்ததும் சூட்டோடு டயர்க் காற்றை அளந்து பார் என்றும் சொன்னேன். தருஃபியைக் கேட்டான். கொடுக்கவில்லை. புத்தகம் இரவல் கொடுப்பதில்லை என்பது என் கொள்கை.

தோட்டத்தில் பால் லோரியோ குலை லோரியோ ஓட்டியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். எந்தத் தோட்டம், என்ன லோரி, எந்த வளைவுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். லோரியோடு எடுத்த பழைய படம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள், மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வருகிற கடிதங்களை இந்தப் பத்தியிலேயே போடுகிறேன்.